நூற்று எண்பத்தேழு

கால்கரி விமான நிலையத்தில்
கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால்
ஓர் அதிகாரி என் பணத்தை எண்ணுகிறார்.
தாளுக்கு ஒருமுறை
விரலை நாக்கில் தொட்டுக்கொள்கிறார்.

பெனின் நகரில் ஒரு வங்கிக் கிளையில்
மூன்றாம் கவுண்ட்டரில் ஒன்பது வருஷம்
ஊரார் பணத்தை எண்ணியவள் நான்.
நூறு தாள் எனக்கு இருபது நொடி.
இப்படிக் கொடுங்கள், நானே எண்ணித் தருகிறேன் என்று
விரல்கள் துறுதுறுக்கின்றன.
கோட்டுப் பைக்குள் அவற்றை
அடக்கி வைத்திருக்கிறேன்.

நோட்டுகளில் இறால் வாடை.
பொடித்த இறால் டப்பாவும் பணக்கட்டும்
இரண்டு விமானம் மாறி
ஒரே பையில் உறங்கி வந்தவை.
அவர் மூக்கு லேசாகச் சுளித்து
நாகரிகமாக நிமிர்ந்துகொள்கிறது.

குடியேற வருகிறவர்கள்
வெறுங்கையோடு வரக்கூடாதாம்.
மூன்று பேருக்கு இவ்வளவு என்று
ஒரு தொகை போட்டிருந்தார்கள்.
அது வருஷத்துக்கு வருஷம் ஏறியது.
எங்கள் நைராவுக்கோ
காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை.
ஜெனரேட்டரை விற்றோம்.
மீன் வைக்கிற பெரிய ஃப்ரீஸரை விற்றோம்.
ஒசாரெத்தின் தன் காரை விற்ற பணம்
டாலராக மாறப் போன வழியிலேயே
மோட்டார் சைக்கிள் விலைக்கு இளைத்துவிட்டது.
கல்யாணத்தில் நான் அணிந்த பவளத்தை மட்டும்
விற்க முடியவில்லை.
அது அவன் அக்காவுடையது, இரவல்.

பழைய டொயோட்டாவின் உதிரிபாகம் விற்கிற ஐக்பே
நூற்று இருபது தாள்களை
ஆயில் கறை படிந்த துண்டில் சுற்றிக் கொடுத்தான்.
ஆறு மாதம் அவை
எங்கள் கணக்கில் குடியிருந்தன.
"காட்டிவிட்டுத் திருப்பி அனுப்பிவிடு.
போய்ச் சேர்ந்த மாசமே.
என் சரக்கு துறைமுகத்தில் நிற்கிறது."

கடன் ஏதும் இல்லை என்ற கட்டத்தில்
நான்தான் டிக் அடித்தேன்.
பேனா நன்றாகத்தான் எழுதியது.

"நூற்று எண்பத்தெட்டு" என்கிறார் அதிகாரி.

"நூற்று எண்பத்தேழு"
என் வாய் முந்திக்கொண்டது.
ஒசாரெத்தின் என் காலை மிதிக்கிறான்.

அவர் முதலிலிருந்து தொடங்குகிறார்.
பின்னால் வரிசை இருமுகிறது.
பெட்டிமேல் உட்கார்ந்திருக்கும் இசோகென்
ஓடுபாதையைப் பார்த்து
இவ்வளவு உப்பை யார் கொட்டினார்கள் என்கிறாள்.

நூற்று எண்பத்தேழு.

"கூட இருக்க வேண்டுமே என்று சண்டை போட்டவர்கள் உண்டு,
குறைத்துத் திருத்தியது நீங்கள்தான்" என்று சிரிக்கிறார்.
"உங்களைப் போன்றவர்கள்தான் இங்கே வர வேண்டும்."
முத்திரை விழுகிறது.

ஒரு தாளுக்கு நேர்மையாக இருந்துவிட்டேன்.
நூற்று இருபதைப் பற்றி
யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் வாரம் அனுப்பினேன்.
எங்கள் மூவருக்கும் ஒருவழி டிக்கெட்.
போகவரச் சீட்டு எடுத்து வந்தது
அந்தப் பணம் மட்டும்தான்.
பணம் அனுப்பும் கடையில் மிஷின் எண்ணியது,
விர்ரென்று, என் பழைய வேகத்தில்.
அதற்குக் கட்டணம் தனி.

அடித்தள வீட்டுக்கு வாடகை, முன்பணம்.
மூன்று ஜோடி பூட்ஸ்.
ஒரு மெத்தை.
இசோகெனுக்கு இரண்டாவது தடவையாகக் கையுறை,
முதல் ஜோடியை பஸ்ஸில் விட்டாள்.
"கிடைத்தது. குளிர் எப்படி?" என்று
ஐக்பேயிடமிருந்து செய்தி.
குளிர் பற்றி மட்டும் பதில் எழுதினேன்.

ஒசாரெத்தின் இரவு வேலைக்குப் போயிருக்கிறான்,
ஏதோ கிடங்கில் பெட்டி அடுக்க.
குழந்தை தூங்குகிறாள்.
மிச்சத்தை எடுத்து மேஜையில் வைக்கிறேன்.

இருபத்தாறு தாள்.
ஐந்து நொடி வேலை.

விரலை நாக்கில் தொட்டு,
ஒன்று.
ஹீட்டர் நின்று
மறுபடி முனகத் தொடங்கும்வரை பொறுத்து,
விரலை நாக்கில் தொட்டு,
இரண்டு.